துவக்கும் தோட்டாவும்

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது கொண்டச்சிக்குத் தெற்கே வில்பத்துக் காடு. பன்றியும் யானையும் பயிரை அழிக்க வரும் பகுதி. ஆகவே காவல் துவக்கு என்பது நமக்குப் புதிய பொருளன்று. அதைச் சுடுவதைப் பற்றி நான் பேச வரவில்லை. சுடாத வேளையில் அது எங்கே இருக்கிறது என்பதே என் கேள்வி.

"பூட்டித்தான் வைத்திருக்கிறேன்" என்பார் பலர். நல்லது. ஆனால் பூட்டு கள்வனைத்தான் தடுக்கும். நெருப்பையோ வெப்பத்தையோ தடுக்காது. 2010 செப்டெம்பர் 17இல் மட்டக்களப்பு மாவட்டத்துக் கரடியனாற்றில் நடந்ததைக் கேளுங்கள். வீதி வேலைக்கெனக் கொண்டுவந்த வெடிமருந்து, கொள்கலன்களில் பொலிஸ் நிலைய வளவில் நின்றது. பொலிஸ் நிலையத்தை விடக் காவலான இடம் வேறு உண்டோ? அது வெடித்தபோது இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், நிலையமே இடிந்தது. களவுக்கு அது நல்ல இடம். மனிதர் கூடும் இடமாகையால் வெடிமருந்துக்கு மிகக் கெட்ட இடம்.

2016 ஜூன் 5இல் கொஸ்கமவுக்கு அருகே சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் தீப்பற்றி வெடித்தது. இராணுவ வீரரொருவர் இறந்தார். சுற்றுப்புறத்தவர் ஆயிரக்கணக்கில் வீட்டை விட்டு ஓடினர். குண்டுகள் வேலி தாண்டி ஊருக்குள் விழுந்தன. வெடிமருந்து நிற்கும் இடத்துக்கும் குடிமனைக்கும் இடையே வெறும் நிலம் வேண்டும். அந்த நிலமே உண்மையான காவல்.

ஏற்றிச் செல்வதிலும் விதி அதுவே. 1944 ஏப்ரில் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த போட் ஸ்ரைக்கின் என்ற கப்பல், வெடிமருந்தோடு பஞ்சுப் பொதிகளையும் சுமந்திருந்தது. பஞ்சில் பற்றிய நெருப்பு மருந்தை எட்டியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். உழவு இயந்திரப் பெட்டியில் மண்ணெண்ணெய்க் கலனுக்குப் பக்கத்தில் தோட்டாப் பெட்டியை வைப்பவர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

இனி வீட்டுக்கு வருவோம். துவக்கு ஒரு பூட்டில், தோட்டா வேறோர் அறையில் வேறு பூட்டில். திறப்புகள் பிள்ளைகள் அறியாத இடத்தில். அடுப்படியும் தகரக் கூரையின் அடியும் தோட்டாவுக்கு ஆகா. வெப்பத்தில் உள்ளிருக்கும் மருந்து மெல்லக் கெடும். கடற்காற்றின் ஈரத்தில் பித்தளை பச்சை பூக்கும். அத்தகைய தோட்டாவைக் குழலில் இடவே கூடாது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையானால் உடனே திறந்து பார்க்கும் அவசரம் நம்மவர்க்கு அதிகம். குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி அரை நிமிடமாவது பொறுங்கள். பிந்தி வெடிப்பதும் உண்டு. வேலி கடக்குமுன், வண்டி ஏறுமுன், தோட்டாவைக் கழற்றிவிட வேண்டும். ஆயுத பூசையன்று துவக்கைப் படியில் வைப்பதாயின், வெறுங்குழலா என்று இருவர் பார்த்த பின்னரே வையுங்கள். பக்கத்தில் விளக்கு எரிகிறது!

காட்டுப் பாதையில் கட்டுத்துவக்குக் கட்டுவோரைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கயிறு பன்றியையும் விறகுக்குப் போகும் பெண்ணையும் வேறுபடுத்தி அறியாது. டைனமைற் போட்டு மீன் பிடிப்பதும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி குற்றம். கையிழந்த மனிதனுக்குச் சட்டம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

வாலிபர்களுக்கு விசேடமாக ஒன்று. பக்கத்துச் சிலாவத்துறையில் 1991இலும் 2007இலும் சண்டை நடந்தது. கண்ணிவெடி அகற்றுவோர் இம்மாவட்டத்தில் பல ஆண்டு உழைத்தனர். இலங்கையும் 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆயினும் மழை மண்ணை அரிக்கும்போதும், மரமுந்திரிகைக் காணி துப்புரவாக்கும்போதும், துருப்பிடித்த இரும்பொன்று தலைகாட்டலாம். துரு ஏறினால் சக்தி போய்விட்டது என்பது தவறான எண்ணம். உறைதான் பழுதாகும், உள்ளே மருந்து அப்படியே இருக்கும், சில வேளை முன்னிலும் எளிதில் வெடிக்கும். பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுக்கும் சில ரூபாவுக்காக அதைத் தொடாதீர்கள், தட்டாதீர்கள், கிணற்றில் போடாதீர்கள். வந்த அடியிலேயே திரும்பி வந்து, தூரத்தில் ஓர் அடையாளம் நட்டு, பிள்ளைகளை விலக்கி, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். இரவானால் 119 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். எடுத்தவர் யாரென்று கேட்பார்களே என்று அஞ்ச வேண்டாம். எடுக்காதவரே அறிவிக்கப் போகிறார்.