பொறிக்குப் பின்னிருந்த அறுவர்



1946இல் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியாவில் எனியாக் கணிப்பொறி உலகுக்குக் காட்டப்பெற்றது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் கொண்ட அப்பொறியைக் கண்டோர் வியந்தனர். அதற்கு நிரல் வகுத்தோர் யாவர்? கே மெக்நல்டி, பெட்டி சென்னிங்சு, பெட்டி சினைடர், மார்லின் வெசுகாப்பு, பிரான்செசு பிலாசு, உரூத்து இலிக்டர்மன் என்னும் மகளிர் அறுவரே!

கற்பிக்கக் கையேடு இல்லை; வரைபடங்களைக் கொண்டே பொறியின் இயல்பறிந்தனர். கம்பிகளை மாற்றிப் பூட்டியும் சொடுக்கிகளைத் திருப்பியும், எறிகுண்டு செல்லும் வழியை அதனைக் கணிக்கச் செய்தனர். ஆயினும் அன்றிரவு விருந்துக்கு அவர்களை அழைத்தாரில்லை! அரை நூற்றாண்டு கடந்து, 1997இல்தான் அறுவரும் ஒருங்கே சிறப்பிக்கப்பெற்றனர்.

இன்றும் திரையைக் காண்போர் பலர். அதன் பின்னே கண்விழித்துப் பிழை களையும் நிரலரை நினைப்போர் சிலர். பொறி தானே எண்ணுவதில்லை. எண்ணித் தருவோர் மாந்தரே! பொறியைப் போற்றுமுன் அவர்தம் உழைப்பைப் போற்றுவோம்!