புள்ளி வைக்கும் முன் யோசியுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தரவுத்தளத்தோடு வரைபடத்தை இணைக்கும் வேலை பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

அட்டவணையில் கண்ணுக்குப் படாத உண்மை, வரைபடத்தில் பளிச்செனத் தெரியும். 1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியது. டாக்டர் ஜான் ஸ்னோ, இறந்தவர்களின் வீடுகளைத் தெரு வரைபடத்தில் சிறு கோடுகளாகக் குறித்தார். அவை பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றியே நெருங்கி நின்றன. தண்ணீர் வழியாகத்தான் காலரா பரவுகிறது என்ற அவர் வாதத்திற்கு அந்தப் படம் வலு சேர்த்தது.

இன்று அந்த வேலையைக் கணிப்பொறியில் யாரும் செய்யலாம். இடங்களைச் சேமித்துத் தேட 2001-இல் வந்த போஸ்ட்ஜிஸ் இருக்கிறது. திரையில் நகர்த்தியும் பெரிதாக்கியும் பார்க்க 2011-இல் வந்த லீஃப்லெட் இருக்கிறது. அடியில் விரிக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. மூன்றுக்கும் காசு வேண்டாம். அப்புறம் என்ன கஷ்டம் என்கிறீர்களா? கஷ்டம் புள்ளியில்தான்.

நம் சங்கத்தின் முகவரிப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கதவு எண்ணோடு எழுதியிருப்பார். ஒருவர் தெருப் பெயரோடு நிறுத்தியிருப்பார். இன்னொருவர் பின்கோடு மட்டும் தந்திருப்பார். மென்பொருள் மூவருக்கும் ஒரே மாதிரிப் புள்ளி வைத்துவிடும். 1972-இல் வந்த பின்கோடு, தபாலைப் பிரித்து உரிய தபால் நிலையத்திற்கு அனுப்ப உண்டானது. வீட்டைக் காட்ட அல்ல. அதன் நடுப்புள்ளி கண்மாய்க்குள்ளே விழுந்தாலும் ஆச்சரியமில்லை. படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கத் தெருவும் சந்தும் தெளிவாகும். ஆனால் புள்ளியின் அறிவு அதே அளவுதான்!

சில தவறுகள் தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும். சென்னையின் அட்சரேகை சுமார் 13.08, தீர்க்கரேகை 80.27. நாம் அட்சரேகையை முதலில் சொல்வோம். ஜியோஜேசன் முறையில் தீர்க்கரேகை முதலில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் சென்னை, ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும். முகவரி இல்லாதவருக்கு 0, 0 என்று நிரப்பினால், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் மிதப்பார். பார்த்தவுடன் சிரிச்சுட்டுத் திருத்திடலாம்.

தவறான புள்ளி நிலத்தில் விழுந்தால்தான் ஆபத்து. அமெரிக்காவில் ஒரு நிறுவனம், இணைய முகவரிகள் எந்த ஊரைச் சேர்ந்தவை என்று சொல்லும் தரவுத்தளம் நடத்தியது. ‘அமெரிக்கா’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கு, நாட்டின் நடுவே 38, -97 என்று ஒரு புள்ளியைக் கொடுத்தது. அங்கே கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு இருந்தது. 2016-இல் செய்தி வெளியானபோது, அந்த ஒரு புள்ளியில் 60 கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் குவிந்திருந்தன. மோசடிக்காரனைத் தேடியும், காணாமற்போன பிள்ளையைத் தேடியும் காவல்துறையினர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு ஏன் என்றே பல ஆண்டுகள் புரியவில்லை. பிறகு அந்தப் புள்ளியை ஒரு நீர்நிலைக்கு நகர்த்தினார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை, பாருங்க. ‘தெரியாது’ என்று எழுத அந்தப் படத்தில் இடம் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் இப்படி ஒரு வரைபடம் அமைத்தால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு இடத்தோடும் அது வீடா, தெருவா, பின்கோடா என்று சொல்லும் ஒரு பத்தி வையுங்கள். பின்கோடு மட்டும் தெரிந்தால் புள்ளிக்குப் பதில் அந்தப் பகுதி முழுவதையும் வெளிர் நிறத்தில் காட்டுங்கள். இடமே தெரியாதவற்றைக் காலியாக விட்டு, ‘வரைபடத்தில் இல்லாதவை இத்தனை’ என்று ஓரத்தில் எழுதுங்கள்.

அட்டவணையைச் சந்தேகப்படுபவர்கூட வரைபடத்தை நம்பிவிடுவார். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பு, புள்ளி வைப்பவருடையது.