பேச்சிழந்தவர் சிந்தை இழந்தவர் அல்லர்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், நோயாளிகள் நாளன்று பங்கு மண்டபத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்த நாளில் எதைப் பற்றிப் பேசலாம் என்று பங்குப் பேரவையினரைக் கேட்டோம். சர்க்கரை நோய் என்றார் ஒருவர். இரத்தக் கொதிப்பு என்றார் மற்றொருவர். அவற்றைப் பற்றிச் சொல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் ஓரளவு அறிந்தே இருக்கிறீர்கள். ஆனால், நோயுற்றோருக்கு நற்கருணை வழங்க வீடு வீடாகச் செல்லும்போது நாம் அடிக்கடி காணும் ஒரு துன்பத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. காரணம் எளிது. அத்துன்பத்தைப் படுகிறவர்களால் அதை எடுத்துச் சொல்ல இயலாது. பேச்சுக் குறையைப் பற்றித்தான் சொல்கிறோம்.

ஊமை, திக்குவாய், கொன்னைவாய், உளறுவாய் என்று நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு எல்லாரையும் அவற்றுக்குள் அடைத்துவிடுகிறோம். உண்மையில் பேச்சு என்பது எத்தனை படி ஏறி வெளியே வருகிறது, பாருங்கள். மனத்தில் ஓர் எண்ணம் எழுகிறது. அதற்குரிய சொல்லை மூளை தேடி எடுக்கிறது. அச்சொல்லை ஒலிக்கும்படி நாக்குக்கும் உதட்டுக்கும் கட்டளை போகிறது. குரல்வளை ஒலி கொடுக்கிறது. சொன்னது சரிதானா என்று நம் செவியே கேட்டுத் திருத்துகிறது. இவற்றுள் எந்தப் படியில் தடுக்கினாலும், எதிரே நிற்பவருக்குத் தெரிவது ஒன்றே: இவருக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஒன்றைக் கொண்டே, இவருக்கு அறிவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் பங்கில் நோயாளிகளைச் சந்திக்கும்போது நாம் மிகுதியாகக் காண்பது இவர்களைத்தான். மூளையின் இடப்பாகத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் வலக் கையும் வலக் காலும் செயலிழக்கின்றன. பெரும்பாலான மக்களுக்குப் பேச்சும் அதே இடப்பாகத்தைச் சார்ந்திருப்பதால், கைகாலோடு பேச்சும் போய்விடுகிறது. முப்பது ஆண்டுகள் அரிசி மண்டியில் கணக்கு எழுதிய பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். தண்ணீர் வேண்டும் என்று நினைக்கிறார். வாயில் "சாவி" என்று வருகிறது. சாவியைக் கொண்டு வந்து கொடுத்தால் தலையில் அடித்துக்கொள்கிறார். "அவருக்கு ஒண்ணும் புரியாது சாமி, ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போங்க" என்று அவர் காதுபடவே சொன்னார் மருமகள். பெரியவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். புரியாதவர் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்?

பிறகு செபமாலை தொடங்கினோம். அப்பெரியவர் மங்கள வார்த்தை செபத்தை ஒரு சொல்கூடப் பிசகாமல் முழுமையாகச் சொன்னார். வீட்டில் பாதிப் பேர் புதுமை நடந்துவிட்டது என்று கண்ணீர் விட்டார்கள். மீதிப் பேரோ, இத்தனை நாளும் கிழவர் நடித்திருக்கிறார் என்றார்கள். இரண்டும் தவறு. ஆயிரம் முறை சொல்லிப் பழகிய செபமும், பாட்டும், கிழமைப் பெயர்களும், ஒன்று இரண்டு என்ற எண்ணிக்கையும் தாமாகவே நாவில் வருபவை. புதிதாக ஒரு வாக்கியம் கோக்க வேண்டுமானால்தான், சேதமான அந்த இடத்தின் துணை வேண்டும். ஆகவே முழுச் செபமாலையும் சொல்லக்கூடியவர், "எனக்கு முதுகு வலிக்கிறது" என்று சொல்ல முடியாமல் தவிக்கலாம். கோபத்தில் வசைச்சொல் ஒன்று தெளிவாக வந்து விழுவதும் உண்டு. வீட்டார் அதற்காக மனம் புண்பட வேண்டாம்; அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இது இன்று நேற்று அறிந்த செய்தியன்று. பாரீஸ் நகரையொட்டிய பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்ற நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார். ஆகவே அவருக்கு டான் என்றே பெயராயிற்று. 1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் புரோக்கா என்ற மருத்துவர் அவரைச் சோதித்தார். இங்கு வந்து எத்தனை ஆண்டுகளாயின என்று கேட்டபோது, லெபோர்ஞ் கைவிரல் ஐந்தையும் நான்கு முறை விரித்துக் காட்டி, பின்பு ஒரே ஒரு விரலைக் காட்டினாராம். இருபத்தொன்று, கணக்கு சரியாகவே இருந்தது. சில நாட்களில் அவர் இறந்தார். அவரது மூளையைத் திறந்து பார்த்துத்தான், இடப்பக்க முன்பகுதியின் சேதமே பேச்சைப் பறித்தது என்று புரோக்கா உலகுக்கு அறிவித்தார். ஒரே அசையை வைத்துக்கொண்டு 21 ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்த மனிதர், ஆண்டுக் கணக்கைத் தவறவிடவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

எல்லாருக்கும் அப்படியே என்று நாம் சொல்லவில்லை. 1874இல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் வேறொரு வகையை எடுத்துக் காட்டினார். இவர்கள் சரளமாகப் பேசுவார்கள். பேச்சில் பொருள் இராது. பிறர் சொல்வதும் சரிவர விளங்காது. அறியாதவர்கள் இதைப் பைத்தியம் என்று எண்ணிப் பரிகாரம் தேடி ஓடுகிறார்கள். எந்த வகை, எந்த அளவு என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர்தாம் சோதித்துச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டார் சொல்லக் கூடாது.

"பேச வராவிட்டால் எழுதிக் காட்டட்டுமே" என்று கேட்பவர்கள் உண்டு. போனது குரல் மட்டுமென்றால் எழுதலாம். தொண்டைப் புற்றுநோயால் குரல்வளையை அகற்றிக்கொண்டவர் அழகாக எழுதுவார்; பயிற்சியாலும் கருவியாலும் மீண்டும் பேசவும் செய்வார். மூளையில் மொழியே சிதைந்தவருக்கு இடக்கையில் பேனாவைக் கொடுத்தாலும் எழுத்து வராது. நற்செய்தியில் வரும் சக்கரியாஸ் முதல் வகை. பலகை கேட்டு வாங்கி, பிள்ளைக்கு அருளப்பர் என்று பெயர் எழுதினார். அந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. தகப்பனார் அங்கேயே இருக்க, அவரைக் கேளாமலே உற்றார் உறவினர் பிள்ளைக்குப் பெயர் முடிவு செய்துவிட்டார்கள்! தாய் மறுத்த பிறகுதான் அவரைக் கேட்டார்கள். அதுவும் சைகையால். அவருக்குச் செவியும் அடைபட்டிருந்தது என்று சிலர் விளக்கம் சொல்வர். எப்படியானாலும், பேச்சிழந்தவர் வீட்டில் முதலில் பறிபோவது முடிவு செய்யும் உரிமைதான்.

பெயரோடு போனால் பரவாயில்லை. நிலம், வீடு, வங்கிக் கணக்கு, பென்ஷன் என்று வரும்போது, விளங்காதவர் என்று சொல்லிக் கைநாட்டு வாங்கிக்கொள்ளும் அநியாயத்தைக் கேள்விப்படுகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாய் பேச இயலாதவர் நீதிமன்றத்தில் எழுத்தாலோ சைகையாலோ சாட்சி சொல்லலாம், அது வாய்மொழிச் சாட்சியாகவே கொள்ளப்படும் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே விதித்தது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டமும் அவ்வாறே சொல்கிறது. திருமணச் சம்மதத்தைச் சொல்லால் தெரிவிக்க இயலாதவர், அதற்கு ஈடான சைகையால் தெரிவிக்கலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் கூறுகிறது. வாழ்நாள் முழுவதற்குமான உடன்படிக்கைக்கே சைகை போதுமென்றால், சோறா இட்லியா என்று கேட்டு அவர் தலையசைப்புக்குக் காத்திருக்க நமக்கு என்ன கஷ்டம்?

பக்கவாதத்தில் இன்னொரு வகை, நாக்குக் குழறுவது. மொழி முழுமையாக இருக்கிறது, தசைதான் தளர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒருவரைக் குடிகாரர் என்று எண்ணிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட கதையை அவரே நம்மிடம் எழுதிக் காட்டினார். வாழ்நாளில் கள்ளை முகர்ந்தும் பாராத மனிதர் அவர். இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தவருக்குத் திடீரென நாக்குக் குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, காப்பி கொடுத்துப் படுக்க வைத்துப் பொழுது விடியட்டும் என்று இராதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதன்பின் போய்ப் பயனில்லாமல் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம்.

இனி, திக்கிப் பேசுவோர். இவர்கள் நோயாளிகள் நாளுக்கு வருவதில்லை. தங்களை நோயாளிகளாக எண்ணுவதுமில்லை. சிறுவர்களில் நூற்றுக்கு ஐவர்போல, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் திக்கத் தொடங்குகிறார்கள். பலருக்குத் தானே சரியாகிவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு நீடிக்கிறது, ஆண்களே அதிகம். இது தாய் வளர்ப்பால் வந்ததன்று, பயத்தால் வந்ததன்று, அடுத்தவரைப் பழித்துக் காட்டியதால் ஒட்டிக்கொண்டதுமன்று. பரம்பரையும் மூளையின் அமைப்பும் காரணம் என்று இன்று அறிந்திருக்கிறார்கள். நாக்கில் வசம்பைத் தேய்ப்பதாலும், வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொல்வதாலும் ஆவது ஒன்றுமில்லை. கல் தொண்டையில் சிக்கினால் ஆபத்துதான் மிச்சம்.

இவர்கள் படும் பாடு வெளியே தெரியாது. எந்தச் சொல் தடுக்குமோ அதை விட்டு வேறு சொல்லால் சமாளித்துக்கொண்டே வாழ்கிறார்கள். தோசை சாப்பிட ஆசை, ஆனால் 'தோ' வராது, ஆகவே இட்லி. இறங்க வேண்டிய ஊரின் பெயர் தடுக்கும். ஆகவே அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்கிவிட்டு முன்னால் இறங்கிக்கொள்வார்கள். மாற்றிச் சொல்ல முடியாத சொல் ஒன்று உண்டு: தன் சொந்தப் பெயர். அதனால்தான் பெயர் கேட்கும் இடத்தில் எல்லாம் பெரும்பாடு. பள்ளியில் வருகைப் பதிவின்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வராமல், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வராதவனாகக் குறிக்கப்பட்ட பையனை நாம் அறிவோம். சினிமாக்காரர்கள் வேறு, திக்குவாயைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அதே பையன் பாடகர் குழுவில் திக்காமல் பாடுகிறான்! பாடும்போதும், பலரோடு ஒருமித்துச் சொல்லும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை. புதுநன்மை வகுப்பு நடத்தும் கன்னியர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக நிறுத்திப் பரலோக மந்திரத்தைச் சொல் என்று கேட்டால் செபம் தெரியாத பிள்ளை என்று நினைப்பீர்கள். பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து சொல்லச் சொல்லுங்கள். வாசகம் வாசிக்க அவன் விரும்பினால் வாய்ப்புக் கொடுங்கள், திக்கினால் திக்கட்டும். பூசை இரண்டு நிமிடம் நீண்டால் ஒருவருக்கும் நட்டமில்லை. மோயீசனுக்கும் நா எழவில்லை. அதற்காக அவருக்குப் பதில் வேறொருவர் அழைக்கப்படவில்லை. ஆரோன் துணைக்குத்தான் வந்தார்.

பேச்சு வராத குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். "அவன் அப்பாவும் நாலு வயசிலதான் பேசினான்" என்று பாட்டிமார் சொல்வது ஆறுதலாக இருக்கும், காலமோ போய்விடும். ஒரு வயதையொட்டி ஓரிரு சொல், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவது என்பது பொதுவான கணக்கு. வராவிட்டால் முதலில் செவியைச் சோதியுங்கள். ஊமை என்று நாம் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு நாக்கும் தொண்டையும் நலமாகவே இருக்கும். கேளாததால் பேச்சைக் கற்கவில்லை. மாற்கு நற்செய்தியில் அந்த மனிதனுக்கு முதலில் செவி திறந்தது, பின்புதான் நாவின் கட்டு அவிழ்ந்தது. பிறந்த சில நாட்களிலேயே செவியைச் சோதிக்கும் கருவி வந்துவிட்டது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. உதடும் அண்ணமும் பிளந்து பிறப்பது கிரகணத்தின்போது தாய் கத்தியைத் தொட்டதாலன்று. அதற்கு அறுவை சிகிச்சை உண்டு, பின்னர் பேச்சுப் பயிற்சியும் வேண்டும். 'வாழைப்பழம்' என்பதை 'வாயப்பயம்' என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு மட்டும் ஒன்றும் செய்யாதீர்கள். ழகரம் பெரியவர்களுக்கே வராத காலம் இது.

அரசும் தாமதமாகவே விழித்தது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் குறிப்பிட்ட ஏழு குறைகளில் பேச்சுக்குறை இல்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் குறைகளை 21 ஆக்கியபோதுதான் பேச்சும் மொழியும் தனி இடம் பெற்றன. குரல்வளை அகற்றப்பட்டவரும், பக்கவாதத்தால் நிரந்தரமாகப் பேச்சிழந்தவரும் சான்றிதழ் கேட்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையார் படிவம் நிரப்பித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பேச்சிழந்தவர் வீட்டுக்குப் போகும்போது வானொலி, தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் எதிரே உட்காருங்கள். சிறு வாக்கியமாகப் பேசுங்கள். உரக்கக் கத்த வேண்டாம், அவர் செவிடரல்லர். குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சவும் வேண்டாம். ஆம், இல்லை என்று தலையசைக்கும்படியாகக் கேளுங்கள். அவர் சொல் தேடும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பத்து எண்ணும் நேரம் காத்திருங்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பின்னும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறுவோர் உண்டு. ஆகவே ஆறு மாதமாயிற்று, இனி வராது என்று பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

நம் இளைஞர்கள் படம் வரைந்த அட்டை ஒன்றைத் தயாரித்திருக்கிறார்கள். தண்ணீர்க் குவளை, காப்பி, கழிப்பறை, மின்விசிறி, வலி, மருந்து, கோவில் ஆகியவை அதில் உள்ளன. வீட்டார் புகைப்படங்களை ஒட்டக் கீழே இடம் விட்டிருக்கிறார்கள். வாசலருகே மேசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்; வேண்டியவர்கள் எடுத்துச் செல்லலாம், காசு இல்லை. சென்ற வாரம் முதல் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டியபோது, நம் பங்கின் பாட்டி ஒருவர் ஒவ்வொரு படமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெற்றிலைப் பெட்டி எங்கே என்று விரலாலேயே சண்டை பிடித்தார். இப்போது அதுவும் வரையப்பட்டிருக்கிறது.