விஸ்கிப் பீப்பாயில் முதிர்ந்த ஏல்: சுவையும் சுவைஞரும்

(வட்டத்தின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கீழே கொட்டப்பட இருந்த ஒரு பீரிலிருந்து இவ்வுரை தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் விஸ்கி நிறுவனமான வில்லியம் கிராண்ட் அண்டு சன்ஸ், தன் விஸ்கி ஒன்றுக்கு ஏலின் மணத்தை ஏற்ற விரும்பியது. ஏல் என்பது பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து இறுத்த சாற்றில் ஹாப் பூவின் கைப்பைச் சேர்த்து, ஈஸ்ட்டால் நொதிக்கச் செய்யும் தொன்மையான பீர் வகை. அத்தகைய ஏலை எடின்பரோ நகரில் வடித்து, ஓக் மரப் பீப்பாய்களில் ஊற்றிச் சில வாரங்கள் வைத்தனர். மரம் வேண்டிய அளவு ஏலைக் குடித்தபின், எஞ்சியதை வெளியேற்றிவிட்டு விஸ்கியை நிரப்பினர். அங்கே ஏல் விற்பனைப் பண்டமாகக் கருதப்படவில்லை. பீப்பாயைப் பதப்படுத்தும் நீராகவே கருதப்பட்டது. ஆனால் ஆலைத் தொழிலாளர்கள் அந்தக் கழிவைச் சுவைத்துப் பார்த்தனர். அது நன்றாக இருந்தது. செய்தி அதை வடித்த டூகல் ஷார்ப்பை எட்டியது. 2003ஆம் ஆண்டில் இன்னிஸ் அண்டு கன் என்ற பெயரில் அந்த ஏல் கடைக்கு வந்தது. அந்நிறுவனம் தன் பிறப்பைப் பற்றிக் கூறிவரும் வரலாறு இதுவே.

கழிவென்று பெயரிடப்பட்ட ஒன்றை, அப்பெயரைப் பொருட்படுத்தாமல் ஒருவர் நாவில் வைத்துப் பார்த்தார் என்பதே இவ்வரலாற்றில் நோக்கத்தக்கது. பெயரை நம்புவதா, நாவை நம்புவதா என்பது மதுவுக்கு மட்டும் உரிய வினாவன்று. இலக்கிய வட்டம் ஒன்றில் மதுவைப் பற்றிப் பேசலாமா என்ற ஐயம் எழக்கூடும். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த நூலையும், தேறலைப் பாடிய சங்க நூல்களையும் ஒருசேரப் போற்றுவது தமிழ் மரபு. ஈண்டுப் பேசப்படுவது குடியன்று, சுவையறிதல். சுவையறிவோர் கிண்ணத்தில் கால் பங்குக்கு மேல் ஊற்றுவதில்லை. பலர் உமிழ்ந்தும் விடுகின்றனர்.

முதலில் பீப்பாயின் பயணத்தை அறிதல் வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி பூர்பன் விஸ்கியை உட்புறம் தீயிட்டுக் கரிக்கப்பட்ட புதிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும். ஆகவே ஒருமுறை பூர்பனைத் தாங்கிய பீப்பாய் மறுமுறை அதற்குப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் அப்பீப்பாய்கள் பெருந்தொகையாகக் கடல் கடந்து ஸ்காட்லாந்துக்குச் செல்கின்றன. அங்கே சட்டம் வேறு. ஸ்காட்ச் விஸ்கி 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு முதிர வேண்டும். ஆயின் பீப்பாய் புதிதாக இருத்தல் வேண்டும் என்ற விதி இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு விஸ்கி மரத்தின் வழியே ஆவியாகிப் போகிறது. தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயர். விஸ்கியை இறக்கிய பின்பும் பலகைகளின் உள்ளே சில லிட்டர் ஊறி நிற்கும். அந்த ஈரம் காயுமுன் அதில் ஏலை நிரப்புகின்றனர். ஆறு மாதமோ ஓராண்டோ அதற்கு மேலோ ஏல் அங்கே தங்குகிறது.

மரம் தருவன யாவை? ஓக் மரத்தின் லிக்னின் என்னும் பொருள் தீயில் சிதையும்போது வனிலாவின் மணம் பிறக்கிறது. மரத்தில் இயல்பாக உள்ள லாக்டோன்கள் தேங்காயின் மணத்தைத் தருகின்றன. மரச் சர்க்கரைகள் தீயில் வெந்து பாகின் மணத்தை அளிக்கின்றன. டானின்கள் துவர்ப்பைத் தருகின்றன. முன்பிருந்த விஸ்கி, சதுப்பு நிலத்துப் பீட் புகையில் உலர்த்திய பார்லியில் செய்யப்பட்டதாயின் அப்புகையும் ஏலில் இறங்கும். மரத்தின் நுண்துளை வழியே காற்று மெல்லப் புகுவதால் உலர்பழத்தை ஒத்த மணமும் தோன்றும். காற்று மிகுந்தால் அதே ஏல் ஈரக் காகிதம்போல் நாறும்.

மரம் வேறொன்றையும் தரும். அது கேட்டுப் பெறாதது. 1904இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளவுசன், ஆங்கிலேயரின் நாட்பட்ட ஏல்களில் தனிச்சுவை தரும் ஓர் ஈஸ்ட்டைக் கண்டு, பிரித்தானியக் காளான் எனப் பொருள்படும் பிரெட்டனோமைசிஸ் என்ற பெயரை இட்டார். மரத்தின் ஆழத்தில் உறையும் இத்தகைய நுண்ணுயிர்களை முற்றிலும் அகற்றுதல் அரிது. பூர்பன் பீப்பாயில் ஸ்டவுட் முதிர்த்தும் முறையைத் தொண்ணூறுகளில் பரவச் செய்த சிகாகோவின் கூஸ் ஐலண்ட், 2015இல் வெளியிட்டவற்றுள் சில புளித்துப் போனதால் 2016இல் வாங்கியோர்க்குப் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. லாக்டோபாசிலஸ் வகை நுண்ணுயிரே அதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. முதிர்தல் என்பது கெடுதலுக்கு மிக அருகில் நிகழ்வது என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

பீருக்கும் மரத்துக்கும் உள்ள உறவு பழையது. மரச்சுவையை விரும்புதலே புதியது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்னும் கரிய பீரைப் பெருந்தொட்டிகளில் மாதக்கணக்கில் வைத்திருந்தனர். 1814 அக்டோபர் 17ஆம் நாள் மியூ வடிப்பகத்துத் தொட்டி ஒன்று உடைந்து, பெருகிய பீர் வெள்ளத்தில் அண்டை வீடுகளில் இருந்த 8 பேர் மாண்டனர். அத்துணைப் பெருந்தொட்டிகளைக் கட்டியவர்களும் பீரில் மரம் மணப்பதை ஏற்கவில்லை. ஆங்கில வடிப்பாளர் அமெரிக்க ஓக்கைத் தவிர்த்து, சுவை ஏற்றாத பால்டிக் கரையோர ஓக்கை நாடினர். வேறு நாடுகளில் பீப்பாயின் உட்புறம் கீல் பூசினர். அன்று குற்றமாகக் கொள்ளப்பட்டது இன்று குணமாகக் கொள்ளப்படுகிறது. சுவை மாறுவது இயல்பு. மாறியதன் காரணத்தை அறியாமல் புதியதைப் புகழ்வதும் பழையதை இகழ்வதும் சுவைஞர்க்கு அழகன்று.

மரக்கலனில் முதிர்ந்த மது தமிழிலக்கியத்துக்கும் அறிமுகமானதே. நெடிய மூங்கிலில் நாட்பட விளைந்த தேறலை மலைவாழ் மக்கள் சுற்றத்தோடு உண்டு குரவையாடுவதைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. ஓக்கும் மூங்கிலும் வெவ்வேறு. அவை தாங்கிய மதுவும் வெவ்வேறு. எனினும் கலன் வெறும் கலன் அன்று, அது மதுவின் ஒரு பகுதி என்ற அறிவு அங்கும் உண்டு. தேறல் என்ற சொல்லே தெளிந்த மதுவைக் குறிப்பது; தெளிவுக்குக் காலம் வேண்டும்.

இனி, விஸ்கிப் பீப்பாய்க்கு வலிய ஏலையே தேர்வது ஏன்? 4 விழுக்காடு ஆல்கஹால் உள்ள மெல்லிய ஏலை அதில் ஊற்றினால் சில வாரங்களில் ஏலின் சுவை மறைந்து மரமும் விஸ்கியும் மட்டுமே எஞ்சும். 8 முதல் 14 விழுக்காடு வரை வலிமையுள்ள பார்லி ஒயின், இம்பீரியல் ஸ்டவுட், ஸ்காட்லாந்தின் வீ ஹெவி போன்றவையே பீப்பாயின் பேச்சைக் கேட்டும் தம் குரலை இழக்காமல் நிற்கின்றன. வறுத்த தானியத்தின் கைப்பு, எஞ்சிய இனிப்பு, உடலின் கனம் ஆகிய மூன்றும் முன்பே இருத்தல் வேண்டும். தனக்கென ஒன்றும் இல்லாத ஏலுக்குப் பீப்பாயால் எதையும் ஈட்டித்தர இயலாது.

இதனை நாவாலேயே அறிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹார்வியஸ்டவுன் என்னும் ஸ்காட்லாந்து வடிப்பகம் 2007இல் ஓலா டூ என்னும் ஏலை வெளியிட்டது. கேலிக் மொழியில் அதற்குக் கரிய எண்ணெய் என்பது பொருள். 8 விழுக்காடு வலிமையுள்ள அந்த ஏல், ஆர்க்னித் தீவின் ஹைலண்ட் பார்க் விஸ்கி இருந்த பீப்பாய்களில் முதிர்த்தப்பட்டது. புட்டிகள் 12, 18, 30, 40 முதலிய எண்களைத் தாங்கி வந்தன. பெரிய எண்ணைக் கண்டதும் மிகப் பழைய ஏல் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு அன்று. அப்பீப்பாயில் முன்பு இருந்த விஸ்கியின் வயது அது. 40 என்ற எண்ணைத் தாங்கிய ஏலின் சொந்த வயது மிகக் குறைவு.

இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மையுடைய மொழியில் எழுதுவோர் இவ்வெண்ணைச் சற்று நின்று நோக்குதல் நலம். மொழியின் வயது கவிதையின் வயதாகாது. தொல்மரபு என்னும் பீப்பாயில் சில காலம் கிடந்தமையால் மட்டும் ஒரு பாடலுக்கு அம்மரபின் முதிர்ச்சி வந்துவிடுவதில்லை. புட்டியின் எண்ணைப் படித்துவிட்டு ஏலைப் புகழ்வோர், யாப்பின் பழமையைக் கண்டு பாடலைப் புகழ்வோரைப் போன்றவர். இருவரும் சுவைக்கவில்லை.

சுவைக்கும் முறை எளியது. ஏலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் பருகலாகாது. குளிர் மணத்தை அடக்கும். 12 அல்லது 14 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு வரவிட்டு, வாய் குறுகிய கிண்ணத்தில் சிறிது ஊற்ற வேண்டும். முதலில் முகர்தல், பின்பு சிறு மிடறு, இடையே தண்ணீர். இரண்டு மூன்று ஏல்களை ஒப்பிடுவதாயின் மரச்சுவை குறைந்ததில் தொடங்கி மிகுந்ததற்குச் செல்ல வேண்டும். பின்பு முதற்கிண்ணத்துக்குத் திரும்ப வேண்டும். இத்திரும்புதலே பலர் செய்யாது விடுவது. முதலில் எளிதாகத் தோன்றிய ஏல், திரும்பி வரும்போது தானியத்தின் சுவையைத் தெளிவாகக் காட்டுவது உண்டு.

மேலை அறிவியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, உமாமி என ஐந்தையே சுவையாகக் கொள்கிறது. துவர்ப்பையும் கார்ப்பையும் அது தொடு உணர்வின்பாற் படுத்துகிறது. டானின் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து நாவை உலரச் செய்வதே துவர்ப்பு. ஆல்கஹாலின் எரிவு வெப்பத்தை உணரும் நரம்பின் செயல். இவ்விளக்கம் சரியே. ஆயினும் பீப்பாயில் முதிர்ந்த ஏலை அறிய முற்படுவோர்க்குத் தமிழரின் அறுசுவை மிகவும் பயன்படுகிறது. மரம் தந்தது துவர்ப்பு, விஸ்கி தந்தது கார்ப்பு, தானியம் தந்தது இனிப்பு, ஹாப்பும் வறுவலும் தந்தது கைப்பு, காலம் தந்தது சிறு புளிப்பு எனப் பகுத்துக் காண இயலும். ஒன்று மற்றொன்றை அழிக்கும் இடமே குற்றத்தின் இடம்.

1970களில் மோர்ட்டன் மைல்கார்ட் என்பார் பீரின் சுவைகளையும் மணங்களையும் ஒரு சக்கரமாக வகுத்தார். பலர் கூடிச் சுவைக்கும்போது ஒருவர் சொல்வதை மற்றவர் சோதித்தறிய ஒரு பொதுச்சொல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அருமை என்பது சோதிக்க இயலாத சொல். கருப்பட்டிப் பாகு என்றால் சோதிக்கலாம். கொட்டாங்கச்சிப் புகை, நெல்லிக்காயின் துவர்ப்பு, பழம்புளி, வறுத்த கொத்தமல்லி என்றாலும் சோதிக்கலாம். மேலை நூல்கள் கூறும் பழங்களையும் தோல் பொருள்களையும் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதினும், தன் அடுக்களை மணத்தால் பெயரிடுவதே நேர்மையான சுவைஞர்க்கு உரியது.

ஸ்காட்லாந்தின் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1789 முதல் 1796இல் மறையும் வரை கலால் அலுவலராகப் பணியாற்றினார். ஏலும் சாராயமும் இருந்த கலன்களை அளந்து வரி கணிப்பது அப்பணியின் கூறு. வெட்டுண்டு, அரைபட்டு, மதுவாக மீண்டெழும் பார்லியை ஒரு மாந்தனாக உருவகித்து அவர் ஜான் பார்லிகார்ன் என்னும் கதைப்பாடலை எழுதியது, அப்பணியை ஏற்பதற்கு முன்பே. ஒரே கை அளவுகோலையும் பிடித்தது, எழுதுகோலையும் பிடித்தது. கொள்ளளவை அளவுகோல் சொல்லும். கலனுக்குள் நிகழ்ந்ததை அது சொல்லாது.

முடிவாக ஒன்று. விஸ்கி எதிலிருந்து பிறக்கிறது? முளைகட்டிய பார்லிச் சாற்றை நொதிக்கவைத்துப் பெறும், ஏறத்தாழ 8 விழுக்காடு வலிமையுள்ள நீரைக் காய்ச்சி இறக்குவதே விஸ்கி. அந்நீர் ஹாப் சேராத ஏலே அன்றி வேறன்று. ஆகவே விஸ்கிப் பீப்பாய்க்குள் புகும் ஏல் அயலார் மனைக்குள் புகுவதில்லை; தன் மகள் வாழ்ந்த மனைக்குள் தாய் நுழைவதைப் போன்றது அது. கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நிகழ்கிறது. வில்லியம் கிராண்ட் நிறுவனம் ஏலிடம் மணத்தை வேண்டியதே இவ்வுரையின் தொடக்கம். பேச்சுமொழியில் பிறந்தது செய்யுளாக இறுகுவதும், அச்செய்யுளின் மணம் புதிய பேச்சில் ஊறுவதும் அவ்வாறே.

பீப்பாய்க்கும் எல்லை உண்டு. முதல் ஏல் பெறுவதில் பாதியை இரண்டாம் ஏல் பெறுவதும் அரிது. அதன்பின் வருவது மரத்திடம் பெறத்தக்கது சிறிதே. பின்பு அப்பீப்பாயை இரண்டாக அறுத்துத் தோட்டத்தில் பூச்செடி வைக்கின்றனர். மீண்டும் நிறைந்த பீப்பாய் வேண்டுமாயின் யாரோ ஒருவர் புதிய மதுவை அதில் ஊற்றி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் வட்டத்தின் முன் உள்ள பணியும் அதுவே. முன்னோர் ஊற்றி வைத்ததைப் பருகியது போதும். அடுத்து வருவோர்க்கென எதை ஊற்றி வைப்பது என்று எண்ணுதல் வேண்டும்.