மூலநிரல் இயங்குதளம் இல்லத்துக்கு ஏற்றதா?



விண்டோஸ் 10க்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவாக நிறுத்திவிட்டது. நம் குடியிருப்பிலுள்ள கணிப்பொறிகள் பல, விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியற்றவை. புதியது வாங்கினாலோ ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆதலின், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை நாடுவோம் என்னும் பேச்சு எழுந்துள்ளது. நல்ல பேச்சே. ஆயின் பொறியியல் பயிலும் நம் இளைஞர் சிலர், "ஜென்டூ போட்டால் பழைய பெட்டியும் பறக்கும்" என்கின்றனர். நாம் மெட்ரிகுலேஷனோடு நின்ற இரயில்வே குமாஸ்தா. எனினும் அப்பெட்டியின் முன் அமரப்போகிறவர் நம்போன்றோரே அல்லரோ?

ஜென்டூ என்பது பெங்குயின்களில் மிக விரைவாக நீந்தும் இனத்தின் பெயர். டேனியல் ராபின்ஸ் என்பார் தொடங்கிய இவ்வியங்குதளத்தின் 1.0 பதிப்பு 2002இல் வெளியாயிற்று. டெபியன், மின்ட் முதலிய லினக்ஸ் வகைகள் புரோகிராம்களை ஆயத்தமாகவே தருகின்றன. ஜென்டூவோ மூலநிரலைத் தரும். அதனை இயந்திர மொழிக்கு மாற்றும் வேலை நம் பெட்டியைச் சாரும். வேண்டாத உறுப்புகளை முன்னரே விலக்கிவிடலாம். அரிய வசதிதான்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். விரைவுக்கு ஏங்குவது பழைய பெட்டி; இவ்வேலையில் மிகவும் திணறுவதும் அதே பழைய பெட்டி! குரோமியம் போன்ற பெரிய உலாவியை உருவாக்க அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். 4 ஜி.பி. நினைவகமே உடையதாயின் நடுவழியில் நின்றுபோவதும் உண்டு. இடையில் மின்சாரம் போனால்? பெங்களூர் மழையைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. புதிய பதிப்பு வருந்தோறும் மறுபடியும் இதே பாடு. பையன் ஹால் டிக்கெட் எடுக்கவேண்டிய வேளையில் பெட்டி திணறிக்கொண்டிருந்தால் வீட்டில் யார் பொறுப்பார்? இத்தனைக்கும் பிறகு கிட்டும் விரைவு, கடிதம் படிப்போர்க்குப் புலப்படுவதே அரிது. ஜென்டூவினரே 2023 டிசம்பரில் ஆயத்தப் புரோகிராம்களைப் பெருவாரியாக வழங்கத் தொடங்கினர். ஆயினும் அதனை நிறுவுவது இன்றும் கட்டளைகளைத் தட்டித் தட்டிச் செய்யும் வேலையே.

பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை 1955 முதல் இரயில் பெட்டிகளை ஆக்கி வருகிறது. தன் பெட்டியைத் தானே பூட்டிக்கொண்டு புறப்படு என்று எந்தப் பயணியிடமும் நாம் சொல்வதில்லை.

இதனால் மூலநிரல் வீண் என்று கருதவேண்டா. அது திறந்து கிடந்தமையால்தான் தன்னார்வத் தமிழர்கள், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல், லினக்ஸ் திரைகளைத் தமிழில் பேசவைத்தனர். சென்னைச் சி-டாக் நிறுவனம் டெபியன்மீது பாஸ் லினக்ஸை உருவாக்க முடிந்ததும் அதனால்தான். 2001இல் 'லினக்ஸ் பெங்களூர்' மாநாடு கூடிய நகரம் இது. நம் பிள்ளைகளும் அக்கலையைக் கற்கத்தான் வேண்டும். ஒதுக்கிவைத்த பெட்டியொன்றில் ஜென்டூவையும் போடட்டும், உடைக்கவும் உடைக்கட்டும். வீட்டின் ஒரே பெட்டியில் மட்டும் வேண்டா. அதற்கு டெபியனோ மின்ட்டோ போதும்.

அவற்றைப் போட்டுத்தர அவ்விளைஞர்களே இசைந்துள்ளனர். வரும் ஞாயிறன்று பெட்டியோடு சங்கத்துக்கு வாருங்கள். கலியாணப் படங்களை வேறிடத்தில் பிரதியெடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.