ராத்திரிச் சாப்பாடும் நல்ல தூக்கமும்
(குடும்ப நலக் கூட்டத்தில் தம்பதிகளுக்கு ஆற்றிய உரை)



தூக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "இதுக்கெல்லாம் ஒரு கூட்டமா? படுத்தா தூக்கம் வருது" என்று சிலர் நினைக்கலாம். படுத்ததும் தூங்குகிறவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் உங்கள் பக்கத்தில் படுத்திருப்பவர் தூங்குகிறாரா என்று என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? அதைக் கேட்கத்தான் வந்தேன்.

வளர்ந்த மனிதருக்கு ஒரு நாளில் 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். நம்ம கிராமத்து வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, அடுப்படியைத் துடைத்து, பிள்ளைக்குப் பாய் போட்டுவிட்டு வீட்டுக்காரம்மா தலையைச் சாய்க்கும்போது மணி 11. கறவை மாடு இருந்தால் விடிகாலை 4.30 மணிக்கு எழுந்தாக வேண்டும். ஆக ஐந்தரை மணி நேரம். கைக்குழந்தை இருந்தால் அதிலும் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். இப்படி மாதக்கணக்கில் போனால் தலைவலி, சிடுசிடுப்பு, வேலையில் கை தவறுவது எல்லாம் வரும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். "எம் பொண்டாட்டி எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா" என்று சலித்துக்கொள்கிற ஐயா, அந்த அம்மா எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தூங்குகிறவர்தான் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரும். சட்டியில் மிஞ்சின சோறு, குழம்பில் கடைசி வண்டல், பொரியல் இருந்தால் ஒரு கரண்டி. முட்டையோ மீனோ வாங்கினால் அது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பழக்கம் அப்படி வந்துவிட்டது. இதன் பலன் ரத்தத்தில் தெரிகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100 பேருக்கு 53 பேர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று கண்டார்கள். இங்கே இருக்கும் தாய்மார்களில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. கர்ப்பவதிக்கு 11 கிராமுக்குக் குறையக் கூடாது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால், ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு அதைத் தாங்காது. உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

இதற்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. சில பெண்களுக்குப் படுத்த உடனே காலில் ஒரு குடைச்சல். வலி என்றும் சொல்ல முடியாது. பூச்சி ஊர்வது போல, இழுப்பது போல இருக்கும். காலை ஆட்டினால், எழுந்து நடந்தால் கொஞ்சம் அடங்கும். மறுபடி படுத்தால் மறுபடி வரும். "வயசாகுதுல்ல", "வயல்ல நின்ன கால்தானே" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட குடைச்சலுக்கு உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருப்பது ஒரு முக்கியமான காரணம். கர்ப்ப காலத்தில் இது அதிகம். எல்லாக் கால் குடைச்சலும் இதனால் வருவதில்லை; ஆனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் தைலத்துக்குக் காசு செலவழிப்பது வீண்.

சரி, என்ன சாப்பிடுவது? பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று பலர் நம்புகிறார்கள். நல்ல காய்தான், சாப்பிடுங்கள். ஆனால் அதில் இரும்புச்சத்து கொஞ்சம்தான். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, கொள்ளு, தட்டப்பயறு, கம்பு இவற்றில் அதைவிட அதிகம். கீரையில், பயறில் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராது. அதைச் சேர்க்கப் புளிப்பு வேண்டும்: சாப்பிடும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள், கொய்யாப்பழமும் நல்லது. ராத்திரியில் கீரை ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்காக மாமியாரோடு சண்டை வேண்டாம், மத்தியானமே சமைத்துவிடுங்கள். கறி, மீன் சாப்பிடும் குடும்பமானால் சுவரொட்டி, மீன் இவற்றிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும். ஒரு நிபந்தனை: வாங்கினால் எல்லார் தட்டிலும் துண்டு விழ வேண்டும். குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்டால் சத்து சேராது.

இப்போது டீக்கு வருகிறேன். நம்ம ஊரில் டீயைக் குறை சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். டீயை விடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறேன். சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலுள்ள துவர்ப்பு, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். காபியும் அப்படித்தான். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் சாப்பிட்ட பின் ஒரு மணி நேரமும் டீ, காபி வேண்டாம். இன்னொன்று, டீயிலுள்ள காஃபின் தூக்கத்தைக் கலைக்கும். குடித்ததில் பாதி குறையவே 5 மணி நேரம் போல ஆகும். சாயங்காலம் 6 மணிக்குக் கடையில் குடித்த டீ, 11 மணிக்குப் பாதியளவு உள்ளே நின்றுகொண்டு வேலை செய்யும். தூக்கம் வராதவர்கள் மத்தியானம் 3 மணியோடு டீயை நிறுத்திப் பாருங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியலாம்.

கர்ப்பவதிகளுக்கு மூன்று மாதம் முடிந்ததும் தினம் ஒன்றாக 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாட்கள் உண்டு. மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடுங்கள். டீயோடும் பாலோடும் போடக்கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நினைவுபடுத்துவது கணவர் வேலை.

முக்கியமான விஷயம், ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பல வீடுகளில் 9.30 மணிக்குச் சோறு, 10 மணிக்குப் படுக்கை. தட்டு நிறையச் சோற்றைக் குவித்து, சாப்பிட்ட கையோடு படுத்தால் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வராமல் என்ன செய்யும்? சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மணி நேர இடைவெளியாவது வேண்டும். 7.30 மணிக்கு, டி.வி. தொடர் நடந்தாலும் நடக்கட்டும், கணவன் மனைவி பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். ஒன்றாக உட்கார்ந்தால் யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பும் காயும் கூட்டுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் ஒரே வேளையில் வைத்துக்கொண்டால் உப்பு மிஞ்சிவிடும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புதான் கணக்கு. பிறகு பாத்திரத்தை இரண்டு பேராகக் கழுவினால் 9 மணிக்கே அடுப்படி ஓய்ந்துவிடும். சிரிக்கிறீர்கள்! ஐயா, பாத்திரம் கழுவினால் கை தேய்ந்துவிடாது.

குழந்தை ராத்திரியில் அழுதால் பால் கொடுக்கத் தாய்தான் எழ வேண்டும், அது சரி. ஏப்பம் விடவைக்க, துணி மாற்ற, தோளில் போட்டுத் தட்ட தகப்பனாலும் முடியும். இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் தூக்கம் கிடைக்கும். குழந்தை பகலில் தூங்கும்போது தாயும் அரைமணி நேரம் படுத்துக்கொள்ளட்டும். "பகல்ல என்ன தூக்கம்?" என்று யாரும் கேட்க வேண்டாம்.

இனி, தூக்கத்துக்கு என்று சிலர் தேடும் குறுக்கு வழிகள். சாராயம் குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பார்கள். கண் சீக்கிரம் சொக்கும், உண்மைதான். நடுச்சாமத்துக்கு மேல் தூக்கம் உடைந்து உடைந்து போகும், குறட்டை கூடும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தூக்கம் இல்லை. மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது அதைவிட மோசம். டாக்டர் சீட்டு இல்லாமல் ஒன்றுகூடப் போடாதீர்கள். பாலில் ஜாதிக்காய் இழைத்துக் குடிக்கும் வழக்கம் உண்டு. பால் மட்டும் போதும். ஜாதிக்காய் அளவு மிஞ்சினால் விஷம். குழந்தைக்கும் கர்ப்பவதிக்கும் கொடுக்கவே கூடாது. கைப்பேசியைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள். "கொஞ்ச நேரம்" என்று ஆரம்பித்தது எத்தனை மணிக்கு முடிகிறது என்று உங்களுக்கே தெரியும்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மல்லாந்து படுத்துத் தூங்கவேண்டாம். ஒருக்களித்துப் படுங்கள், இடது பக்கம் நல்லது. முகம், கை வீங்கி, கடுமையான தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அதைத் தூக்கமின்மை என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

கணவர் குறட்டை விடும்போது நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி ஆரம்பித்தால், அம்மா, அதைப் பார்க்கிறவர் நீங்கள் ஒருவர்தான், அவருக்குத் தெரியாது. டாக்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ராத்திரியில் மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழுந்திருப்பவர் சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும். காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பின்மை, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை இவை இருந்தால், முக்கியமாகப் பிரசவமான பெண்ணுக்கு, அதை "பிடிவாதம்" என்று ஒதுக்காதீர்கள். அதற்கு வைத்தியம் உண்டு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். மனைவியைப் பரிசோதனைக்கு அழைத்து வருகிற கணவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வெளியே நிற்க வேண்டியதில்லை. உள்ளே வந்து, அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளலாம்.