ஒத்துக்காரர் இருந்த இடம்: இசைப் பட்டமும் இசைத் தொழிலும்

ஓசூரில் இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்குக் காரணமான பெரியவர் சிப்காட் ஆலை ஒன்றில் உழைத்து ஓய்வு பெற்றவர் என்றும், சொந்தச் சேமிப்பை இசைக்கு எழுதிவைத்தவர் என்றும் அழைப்பிதழ் சொல்கிறது. அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய வட்டிப் பணத்தில் பேச வந்தவன் என்ற முறையில் நன்றி சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய வழக்கு

இசையில் பட்டம் படித்தவர் இசைக்கலைஞராகப் பிழைக்க முடியுமா என்பதே கேள்வி. என்னோடு பல்கலைக்கழகத்தில் பணியாற்றி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்கள் புன்னகைப்பதைப் பார்க்கிறேன். பாடத்திட்டக் குழு கூடும்போதெல்லாம் நாங்கள் அடித்துக்கொண்ட கேள்வி இது. அவர்கள் தரப்பை நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன்: பட்டம் இசை ஆசிரியரைத்தான் உண்டாக்கும், வித்துவானை உண்டாக்குவது குருகுலம், கல்லூரி வந்தது, குருகுலம் போனது, வித்துவான்களும் போனார்கள். கூட்டத்தில் நேரம் இல்லாததால் என் மறுப்பு எப்போதும் பாதியிலேயே நின்றுவிடும். இன்று மேடை என்னுடையது.

சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை இசைக்கல்லூரி 1929இல் தொடங்கியது. அங்கே படித்தவர்கள் சங்கீத பூஷணம் பட்டம் பெற்றார்கள். சென்னையில் மத்திய கர்நாடக இசைக்கல்லூரி 1949இல் வந்தது. முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். சிதம்பரத்தில் டைகர் வரதாச்சாரியார் இருந்தார். சென்னையில் வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா பாடம் சொல்லிக்கொடுத்தார். இவர்களெல்லாம் குருகுலத்தின் மிச்சம் அல்ல, குருகுலமேதான். குருவே கல்லூரிக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் பட்டதாரி மேடையில் தடுமாறுகிறார் என்றால், குறை கற்பித்தலில் இருக்க முடியாது. காணாமல் போனது வேறொன்று. அதை நாகசுர செட்டில்தான் தெளிவாகப் பார்க்கலாம்.

ஒத்து

நாகசுர செட்டின் முழு வடிவமான பெரிய மேளம் ஆறு பேர் கொண்டது: இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒரு ஒத்து, ஒரு தாளம். ஒத்து பார்வைக்கு நாகசுரம்போலவே இருக்கும். ஆனால் அதில் விரல் வைத்து வாசிக்க ஒன்றுமில்லை. அடிப்பக்கத்துத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். ஒரே சுரம், விடாமல். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுத்து, ஒலி அறுபடாமல் ஊத வேண்டும். யாரும் கைதட்டமாட்டார்கள். பங்கு பிரிக்கும்போதும் குறைந்த பங்குதான்.

அந்த இடத்தில் யார் இருந்தார்கள்? பெரும்பாலும் கற்றுக்கொண்டிருந்த பையன். தாளம் போட்டவனும் அப்படித்தான். அதாவது, ஆறு இடங்களில் இரண்டு இடம் மாணவனுக்கு. அவன் சம்பளத்தோடு கச்சேரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். குரு வீட்டுத் திண்ணையில் அவனுக்குக் கிடைத்தது பாடம்; தொழில் கிடைத்தது ஒத்து ஊதிய இடத்தில். என் நண்பர்கள் குருகுலம் என்று சொல்லும்போது அவர்கள் கண்ணில் திண்ணை மட்டும் தெரிகிறது.

ஒத்துப் பையன் எதைக் கற்றான்? முதலில் மூச்சு. பிறகு காது, இரவு முழுவதும் ஆதார சுருதியைத் தன் உதட்டில் தாங்கியவனுக்குச் சுருதி விலகாது. இவை பயிற்சியாலும் வரும் என்று வைத்துக்கொள்வோம். மற்றவை வராது. சுவாமி புறப்பாடு சன்னதித் தெருவில் முட்டி நின்றால் அதே ராகத்தை எப்படி நீட்டுவது, பல்லக்கு நகர்ந்ததும் ஒட்டுத் தெரியாமல் எங்கே வெட்டுவது, ஊதும் நாணலாகிய சீவாளி சதி செய்யும் குளிர்காலையில் எந்தச் சுரத்தைத் தவிர்ப்பது, இரண்டாம் நாகசுரக்காரருக்குப் புருவத்தால் எப்படிச் சொல்வது, கல்யாண வீட்டுக்காரர் பேசிய தொகையைக் குறைத்தால் யார் வாயைத் திறப்பது. ஓசூர் வெயிலைவிடக் குளிருக்குப் பேர்போன ஊர். சீவாளி சங்கதி இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊர்க் கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். பெண் வீட்டில் தெலுங்கு, மாப்பிள்ளை வீட்டில் கன்னடம், ஆலையிலிருந்து வந்த நண்பர்கள் பாதிப்பேர் மதுரை, திருநெல்வேலிப் பக்கம். முதல்நாள் மாலை வரவேற்பில் கீபோர்டும் பாட்டுக் கச்சேரியும். மறுநாள் விடியலில் நாகசுரம். ஒருவர் அன்னமாச்சாரியார் கேட்பார், இன்னொருவர் புரந்தரதாசர் கேட்பார், மூன்றாமவர் இளையராஜா. பெங்களூர்ச் சாலையில் அத்திப்பள்ளியில் நெரிசல், மாப்பிள்ளையின் மாமா கார் இன்னும் வரவில்லை, முகூர்த்தம் முடிய இருபது நிமிடம். புரோகிதர் கையை உயர்த்துவார். அந்த நொடியில் தவில்காரர் எந்தக் கோர்வையின் நடுவில் இருந்தாலும் கெட்டிமேளத்துக்குத் தாவியாக வேண்டும்.

எங்கள் துறையில் நாகசுரத்தில் முதல் வகுப்பில் தேறிய மாணவர் ஒருவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து மண்டபம் ஒன்றில் முதன்முறையாகப் பொறுப்பேற்று வாசித்தபோது நான் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். எழுபத்திரண்டு மேளகர்த்தாவும் தலைகீழாகச் சொல்வார். கமகம் சுத்தம். வர்ணம், பிறகு கீர்த்தனை, தேர்வறை ஒழுங்கு மாறாமல் போய்க்கொண்டிருந்தது. புரோகிதர் கையை உயர்த்தினார். மாணவர் சரணத்தில் இருந்தார். சரணத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். தாலி ஏறியபோது மண்டபத்தில் கேட்டது கைக்குழந்தையின் அழுகை மட்டும். அதற்குப் பிறகுதான் மேளம். “ஏம்ப்பா, தூங்கிட்டியா?” என்று ஒரு பெரியம்மா கேட்ட கேள்வி, எங்கள் புறத்தேர்வாளர்கள் யாரும் இதுவரை கேட்காத கேள்வி. அந்த மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று வருடம் நாங்கள் அவருக்குச் சரணத்தை முடிக்கத்தான் சொல்லிக்கொடுத்தோம். நிறுத்தச் சொல்லித் தரவில்லை. ஒரு பருவம் ஒத்தோ தாளமோ பிடித்து யாராவது ஒரு மேளக்காரரின் கையைப் பார்த்திருந்தால் போதும்.

ஆனால் அவர் எங்கே போய் ஒத்து ஊதுவார்? அந்த இடம் இப்போது இல்லை. துருத்தி வைத்த சுருதிப்பெட்டி அதைக் கொஞ்சம் அசைத்தது, மின்சுருதிப்பெட்டி முழுதாகவே அகற்றியது. அந்தப் பெட்டி பிறந்த ஊர் இங்கிருந்து பேருந்தில் ஒரு மணி சொச்சம்தான். பெங்களூரில் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1970களின் கடைசியில் மின்தம்புராவை உருவாக்கினார். ரேடல் என்ற பெயரில் அது வீடுவீடாகப் போயிற்று. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தனியாகப் பாடிப் பழகும் பிள்ளைக்கு அது வரம். செட்டுக்காரருக்கும் லாபம்: பெட்டிக்குப் பங்கு கொடுக்க வேண்டாம், சாப்பாடு போட வேண்டாம், காரில் இடம் விட வேண்டாம். இன்று கைபேசியே போதும். பாட்டுக் கச்சேரியிலும் இதே கதை. வித்துவானுக்குப் பின்னால் தம்புரா மீட்டிக்கொண்டு, அவர் மூச்சு வாங்கும்போது பின்பாட்டுப் பாடிய சிஷ்யன் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது ஒரு பெட்டி மினுக்கிக்கொண்டிருக்கிறது. ஒத்தோடு தாளக்காரர் இடமும் போய், ஆறு பேர் செட்டு நான்கு பேராகி, சிக்கனக் கல்யாணங்களில் இரண்டு பேராகவும் ஆகிவிட்டது. மாணவனுக்கு இருந்த இரண்டு இடங்கள் கழிந்ததைக் கல்லூரியின் கணக்கில் எழுதுவது நியாயமா? கல்லூரி குருகுலத்தைக் கொல்லவில்லை. அந்த இடங்கள் காலியானதைக் கவனிக்கவில்லை என்பதுதான் அதன்மேல் நான் வைக்கும் குற்றச்சாட்டு.

“ஒத்து ஊதியவனெல்லாம் வித்துவான் ஆனானா?” என்று நண்பர் ஒருவர் கேட்பது வழக்கம். இல்லை. ஆயுள் முழுவதும் ஒத்து ஊதியே போனவர்கள் நிறையப் பேர். ஆனால் கல்வியைத் தேடிப்போய் மேடையை ஆண்டவர்களைப் பாருங்கள். சீர்காழி கோவிந்தராஜன் 1949இல் சென்னைத் தமிழிசைக் கல்லூரியில் இசைமணி பட்டம் பெற்றார். அங்கே நுழைவதற்கு முன்பே நாடகக் கம்பெனி மேடை அவருக்குப் பழகிவிட்டது. ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்துக் கரவதியில் நாகசுரக் குடும்பத்தில் பிறந்து, அதன்பிறகு நாச்சியார்கோயில் இராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சை பாணியைத் தேடி வந்தவர். தொழில் ஒரு கையில் இருக்கும்போது மறு கைக்குக் கல்வி வந்தால் அது நிலைக்கிறது.

ஓசூருக்குத் தெரிந்த கணக்கு

நான் சொல்வதை இந்த ஊரில் நிரூபிக்கத் தேவையில்லை. ஐ.டி.ஐ. முடித்த பையனை யாரும் ஃபிட்டர் என்று நம்பிவிடுவதில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்ரண்டிஸாகப் போய், உதவித்தொகை வாங்கிக்கொண்டு, ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். அசோக் லேலண்டுக்கும் டி.வி.எஸ்ஸுக்கும் டைட்டனுக்கும் ஆள் வந்த வழிகளில் இது ஒன்று. இசைப் பட்டதாரிக்கு மட்டும் அப்ரண்டிஸ் காலம் கிடையாது. வகுப்பிலிருந்து நேரே முகூர்த்தத்துக்கு.

இதைப் பாடத்திட்டக் குழுவில் சொன்னபோது, “கலையைக் கூலிவேலை ஆக்குகிறீர்கள்” என்றார்கள். மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கிக்கொண்டு நாங்கள் எல்லோரும் இதைப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

பட்டத்துக்காகவும் ஒரு வார்த்தை. பழைய ஒத்துக்காரரின் இடம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சாதி பார்த்தது, பெண்ணை ஏறக்குறைய விடவே இல்லை. நாகசுரக் கலைஞர் மதுரை பொன்னுத்தாய் போன்றவர்கள் அபூர்வம். கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியத்தோடு நாகசுரம், தவில், தேவாரமும் மூன்றாண்டுப் படிப்பாக இருக்கின்றன. கெலமங்கலத்துப் பெண் தவில் கற்க விரும்பினால் அவள் யார் மகள் என்று அங்கே கேட்கமாட்டார்கள். குருகுலம் பேசும் நண்பர்கள் இதற்குப் பதில் சொன்னதில்லை.

இனிச் செய்ய வேண்டியவை

தலைவர் மணி பார்க்கிறார், சுருக்கிக்கொள்கிறேன்.

பட்டத்தின் கடைசி ஆண்டில் ஒரு பருவமாவது மாணவர் ஒரு செட்டிலோ குழுவிலோ பங்கு பெற்று வாசிக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. செட்டுக்காரர் நஷ்டப்படாமலிருக்க உதவித்தொகையை அரசு தரட்டும். இசைப்பள்ளிச் சேர்க்கை அறிவிப்புகளில் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மாதம் 400 ரூபாய் இதற்குப் போதாது.

செய்முறைத் தேர்வில் பாதிப் பாட்டைத் தேர்வாளர் கேட்கட்டும். நடுவில் நிறுத்தட்டும்.

எல்லைப் பகுதிக்கு மும்மொழிப் பாடாந்தரம் தனித்தாளாக வேண்டும். வானொலித் தேர்வுக்குப் பட்டம் கேட்பதில்லை, பள்ளி இசையாசிரியர் வேலைக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். இரண்டு வாசலையும் முதலாண்டிலேயே மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொண்டுவந்த ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ ஏற்பாட்டில் பட்டம் கட்டாயமில்லை. மகாபாரதக் கூத்துக்கு முகவீணை ஊதுபவரையும் பம்பைக்காரரையும் அதில் அழைக்கத் தடை என்ன?

கடைசியாக, ஆய்வு மாணவர் யாராவது ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை உள்ள செட்டுகளை ஒரு முகூர்த்த மாதம் பின்தொடரட்டும்: யார் எங்கே கற்றார், பட்டம் உண்டா, தாளம் யார் போடுகிறார், பங்கு எப்படிப் பிரிகிறது. தை பிறந்ததும் தொடங்கலாம். நெறியாளராக முன்வரிசையிலிருந்து யார் வந்தாலும் எனக்குச் சம்மதம்.